திரும்ப வைக்காமல் எடுக்கும்போது: நிகழ்தகவை எந்த வழியில் கணக்கிடுவது?

ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகளும் 7 நீலப் பந்துகளும் இருக்கின்றன. பார்க்காமல், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பந்துகள் எடுக்கப்படுகின்றன. எடுத்த பந்து எதுவும் பைக்குள் திரும்ப வைக்கப்படுவதில்லை. இந்த ஒரே பையை வைத்துக்கொண்டு பல கேள்விகள் கேட்கலாம். மூன்றில் சரியாக இரண்டு சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? மூன்றாவது பந்து சிவப்பாக இருப்பதற்கு? மூன்றாவது சிவப்பு என்று தெரிந்தபின், முதலாவதும் சிவப்பாக இருந்திருப்பதற்கு? குறைந்தது ஒன்று சிவப்பு என்று மட்டும் தெரிந்தால், மூன்றுமே சிவப்பாக இருப்பதற்கு? விடை காண்பதற்குப் பெருக்கல் தேற்றத்தைப் படிப்படியாகப் பயன்படுத்தலாம். சேர்வுகளைக் கொண்டு, அதாவது வரிசை பாராமல் தேர்ந்தெடுக்கும் விதங்களைக் கொண்டு, எண்ணலாம். மர வரைபடம் வரையலாம். வகுப்பறைகளில் அதிகம் பேசப்படாத சமச்சீர் வாதத்தையும் கையாளலாம். சரியாகச் செய்தால் நான்கும் ஒரே விடையைத்தான் தரும். அப்படியானால் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், உழைப்பும் பிழையும் இருக்கின்றன: ஒரு வழியில் ஒரே வரியில் முடியும் கணக்கு இன்னொரு வழியில் அரைப்பக்கம் நீள்கிறது, ஒரு வழியில் தவறவே முடியாத இடத்தில் இன்னொரு வழி நம்மை இயல்பாகவே தவறுக்கு இழுத்துச் செல்கிறது.

வழியைத் தேர்வதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: எடுத்தது திரும்ப வைக்கப்படுகிறதா, இல்லையா? கேள்வியில் இது தெளிவாக எழுதப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. 1657-இல் வெளியான, நிகழ்தகவு பற்றிய தம் சிறு நூலின் இறுதியில் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஐந்து கணக்குகளை வாசகருக்கு விட்டுவைத்தார். அவற்றில் ஒன்றில் 4 வெள்ளை, 8 கறுப்பு என 12 வில்லைகள்; மூன்று ஆட்டக்காரர்கள் முறைவைத்துப் பார்க்காமல் எடுக்கிறார்கள்; முதலில் வெள்ளையை எடுப்பவர் வெல்கிறார். எடுத்த கறுப்பு வில்லை திரும்பப் போகிறதா என்பதை அந்தக் கணக்கு சொல்லவில்லை. பின்னர் சுவிஸ் கணிதவியலாளர் ஜேக்கப் பெர்னூலி, தாம் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1713-இல் வெளிவந்த நூலில், இதை மூன்று விதமாகப் பொருள்கொண்டு மூன்று விடைகள் தந்தார்: வில்லையைத் திரும்ப வைக்கும் விதம், வைக்காத விதம், ஆளுக்குத் தனித்தனியே 12 வில்லைகள் வைத்திருக்கும் விதம். திரும்ப வைத்தால் மூவரின் வெற்றி வாய்ப்புகள் 9 : 6 : 4 என்ற விகிதத்திலும், பொதுக் குவியலிலிருந்து எடுத்துத் திரும்ப வைக்காவிட்டால் 77 : 53 : 35 என்ற விகிதத்திலும் அமைகின்றன. இனி இக்கட்டுரை திரும்ப வைக்காத நிலையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அந்த 77 : 53 : 35 எங்கிருந்து வந்தது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

பெரும்பாலோர் முதலில் கற்பது படிப்படியான பெருக்கல். முதல் இரண்டும் சிவப்பு, மூன்றாவது நீலம் என்ற குறிப்பிட்ட வரிசைக்கான நிகழ்தகவு 5/12 × 4/11 × 7/10, அதாவது 7/66. இங்கே 4/11 என்பது, முதல் பந்து சிவப்பு என்று தெரிந்த நிலையில் இரண்டாவது சிவப்பாக இருப்பதற்கான நிபந்தனை நிகழ்தகவு; 7/10 என்பது முதல் இரண்டும் சிவப்பு என்ற நிபந்தனையின்கீழ் மூன்றாவது நீலமாக இருப்பதற்கானது. திரும்ப வைக்காமல் எடுக்கும்போது நிபந்தனை நிகழ்தகவைத் தனியாக ஒரு சூத்திரத்தில் தேடவேண்டியதில்லை, பைக்குள் இப்போது என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்தாலே அது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த வழியின் பெரிய நன்மை அதுதான். நிபந்தனையாகத் தரப்பட்ட தகவல் முன்னால் நடந்ததாகவும், கேட்கப்படும் நிகழ்ச்சி பின்னால் நடக்கப்போவதாகவும் இருக்கும்வரை, இதைவிட நேரடியான வழி கிடையாது.

ஆனால் வரிசை குறிப்பிடப்படாத கேள்வி வந்தவுடன் இந்த வழி தடுமாறத் தொடங்குகிறது. “சரியாக இரண்டு சிவப்பு” என்று கேட்டால், நீலப் பந்து முதலிலோ, நடுவிலோ, கடைசியிலோ வரலாம் என்பதை நினைவில் வைத்து, 7/66-ஐ மூன்றால் பெருக்கி 7/22 என்ற விடையை அடைய வேண்டும். அந்த மூன்றை மறப்பதுதான் இவ்வழியில் மிக அடிக்கடி நேரும் பிழை. மூன்று பந்துகளுக்குப் பதிலாக ஆறு பந்துகள், இரண்டு நிறங்களுக்குப் பதிலாக மூன்று நிறங்கள் என்று கணக்கு வளர்ந்தால், எத்தனையால் பெருக்க வேண்டும் என்பதே தனியாக ஒரு வரிசைமாற்றக் கணக்காகிவிடும்.

சேர்வுகளால் எண்ணும் வழியில் அந்தத் தொல்லை இல்லை. 12 பந்துகளிலிருந்து 3 பந்துகளை 220 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். 5 சிவப்பிலிருந்து இரண்டை 10 விதமாகவும், 7 நீலத்திலிருந்து ஒன்றை 7 விதமாகவும் தேரலாம். ஆகவே 70/220, அதாவது அதே 7/22. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தாலும் மூன்றையும் ஒரே கைப்பிடியில் அள்ளினாலும், கையில் உள்ள பந்துகளின் தொகுப்பைப் பற்றி மட்டும் கேட்கும்வரை, நிகழ்தகவு மாறுவதில்லை என்ற உண்மையின் மேல் இந்த வழி நிற்கிறது. ஹைப்பர்ஜியோமெட்ரிக் பரவல் என்று பெரிய பெயரில் வழங்கப்படுவது இந்த எண்ணிக்கைதான். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். மேலே செய்த ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

இந்த வழியிலும் இரண்டு பள்ளங்கள் உண்டு. தொகுதியில் வரிசையைக் கணக்கில் எடுக்காமல் 70 என்று எழுதிவிட்டு, பகுதியில் வரிசையைக் கணக்கில் எடுத்து 12 × 11 × 10 = 1320 என்று எழுதுவது முதலாவது; இரண்டு இடத்திலும் ஒரே வகை எண்ணிக்கை இருக்க வேண்டும் என்பது சொல்லும்போது எளிதாகத் தோன்றினாலும், தேர்வுத்தாள்களில் தவறாமல் தலைகாட்டும் பிழை இது. இரண்டாவது இன்னும் ஆழமானது. ஒரே நிறப் பந்துகள் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், இரண்டு பந்துகள் எடுத்தால் “இரண்டும் சிவப்பு, இரண்டும் நீலம், ஒவ்வொன்று” என மூன்று விளைவுகள்தான் உள்ளன, ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/3 என்று சிலர் எழுதுகிறார்கள். விளைவுகள் மூன்று என்பது உண்மை. அவை சமவாய்ப்புள்ளவை என்பது பொய். ஒவ்வொரு பந்துக்கும் மனத்துக்குள் ஓர் எண்ணை ஒட்டிவிட்டுப் பிறகு எண்ணத் தொடங்குவதே பாதுகாப்பானது.

சேர்வு வழியின் வலிமையைக் காட்ட, 1935-இல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் தம் நூலில் விளக்கிய தேநீர்ச் சோதனையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எட்டுக் கோப்பைத் தேநீரில் நான்கில் பால் முதலில் ஊற்றப்பட்டது, நான்கில் தேநீர் முதலில் ஊற்றப்பட்டது. சுவைப்பவருக்கு நான்கு நான்கு என்பது முன்பே தெரியும். பால் முதலில் ஊற்றிய நான்கை அவர் பிரித்துக் காட்ட வேண்டும். வெறும் ஊகத்தால் நான்கையும் சரியாகச் சொல்வதற்கான நிகழ்தகவு 1/70, ஏனெனில் எட்டிலிருந்து நான்கைத் தேர 70 வழிகள் உள்ளன. படிப்படியாகப் பெருக்கினாலும் 4/8 × 3/7 × 2/6 × 1/5 என அதே விடைதான் வரும். ஆனால் “குறைந்தது மூன்று கோப்பைகளேனும் சரியாக இருக்க வேண்டும்” என்று கேள்வியை மாற்றினால், சேர்வு வழியில் மூன்று மட்டும் சரியாகும் 4 × 4 = 16 விதங்களுடன் நான்கும் சரியாகும் 1-ஐக் கூட்டி 17/70 என்று உடனே எழுதிவிடலாம். பெருக்கல் வழியில் தவறான கோப்பை எந்த இடத்தில் வந்தது என்று நான்கு கிளைகளைத் தனித்தனியே தொடர வேண்டும். ஒவ்வொரு கோப்பைக்கும் நாணயம் சுண்டி விடை சொல்வதுபோல எண்ணி 1/256 என்று எழுதுபவர், நான்கு நான்கு என்ற அந்த முன்தகவலைத் தவறவிட்டவர். அந்தத் தகவல்தான் கோப்பைகளைச் ஒன்றையொன்று சாராத (சார்பிலா) நிகழ்ச்சிகளாக இல்லாமல் ஆக்குகிறது.

மர வரைபடத்தைப் பற்றி நீளமாகச் சொல்வதற்கு இல்லை. பெருக்கல் வழியையே படமாக வரைந்தது அது. கற்கத் தொடங்கும்போது உதவும், மூன்று படிகளுக்கு மேல் போனால் தாளில் இடம் போதாது. ஆயினும் அது தவிர்க்க முடியாததாகும் சூழல் ஒன்று உண்டு: வந்த விளைவைப் பொறுத்து அடுத்த படியின் விதியே மாறும்போது. சிவப்பு வந்தால் திரும்ப வை, நீலம் வந்தால் வெளியே வைத்துவிடு என்று ஒரு விதி இருக்குமானால், இரண்டாவது பந்து சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு 5/12 × 5/12-ஐயும் 7/12 × 5/11-ஐயும் கூட்டி வரும் 695/1584. இங்கே சேர்வு எண்ணிக்கைக்கு இடமே இல்லை. கிளைகளைத் தொடர்ந்தே ஆக வேண்டும்.

இனி நான் மிகவும் விரும்பும் வழிக்கு வருகிறேன். மூன்றாவது பந்து சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? மர வரைபடம் வரைந்தவர் சிவப்பில் முடியும் நான்கு பாதைகளை எழுதுவார்: மூன்றும் சிவப்பு 5 × 4 × 3 = 60 வரிசைகள், நடுவில் மட்டும் நீலம் 140, முதலில் மட்டும் நீலம் 140, முதல் இரண்டும் நீலம் 210, கூட்டினால் 550, அதை 1320-ஆல் வகுத்தால் 5/12. விடையைப் பார்த்ததும், முதல் பந்துக்கான அதே 5/12 எப்படி இங்கும் வந்தது என்ற வியப்பு எழ வேண்டும். பன்னிரண்டு பந்துகளையும் நன்றாகக் கலக்கி ஒரு வரிசையில் அடுக்கிவைத்ததாகவும், எடுப்பது என்பது அந்த வரிசையை முதலிலிருந்து திறந்து பார்ப்பதாகவும் எண்ணிக்கொண்டால் வியப்பு தீர்ந்துவிடும். மூன்றாம் இடத்தில் எந்தப் பந்தும் மற்றதைப் போலவே இருக்க வாய்ப்புள்ளது, பன்னிரண்டில் ஐந்து சிவப்பு, ஆகவே 5/12. ஏழாம் இடத்தைக் கேட்டாலும், பன்னிரண்டாம் இடத்தைக் கேட்டாலும் விடை அதேதான்.

இதை ஒத்துக்கொள்ளப் பலருக்கு மனம் வருவதில்லை. முதல் பந்தை எடுத்து, நிறத்தைப் பார்க்காமலேயே வீசியெறிந்துவிட்டு, இரண்டாவது சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன என்று கேட்டால், பைக்குள் 11 பந்துகள்தானே உள்ளன என்று சொல்லி 4/11 என்றோ 5/11 என்றோ எழுதுவார்கள். பந்து வெளியேறியது உண்மை; ஆனால் நமக்கு எந்தத் தகவலும் உள்ளே வரவில்லை. நிபந்தனை நிகழ்தகவை மாற்றுவது தகவல்தானே தவிர, பந்தின் இடமாற்றம் அன்று. பார்க்காமல் வீசிய பந்தும் பைக்குள்ளேயே கிடக்கும் பந்தும் கணக்குக்கு ஒன்றுதான்.

தகவல் பின்னாலிருந்து வரும்போது சமச்சீர் வாதம் இன்னும் பயன்படுகிறது. மூன்றாவது பந்து சிவப்பு என்று தெரிகிறது. முதலாவது சிவப்பாக இருந்திருப்பதற்கான நிகழ்தகவு என்ன? விளைவிலிருந்து பின்னோக்கி நிபந்தனை நிகழ்தகவைக் காணும் பேய்ஸ் தேற்றத்தைக் கையில் எடுத்தவர், முதலும் மூன்றும் சிவப்பாக உள்ள பாதைகளின் 60 + 140 = 200-ஐ மூன்றாவது சிவப்பாக உள்ள 550-ஆல் வகுத்து 4/11 என்று சொல்வார்; அதில் குறையில்லை. ஆனால் அடுக்கிவைத்த வரிசையை நினைத்துப் பார்த்தவர், மூன்றாம் இடத்தில் ஒரு சிவப்பு அமர்ந்துவிட்டது, மிச்சமுள்ள 11 பந்துகளில் நான்கு சிவப்பு, அந்த 11-இல் ஏதோ ஒன்று முதல் இடத்தில் இருக்கிறது, ஆகவே 4/11 என்று மூச்சுவிடும் நேரத்தில் முடித்துவிடுவார். பின்னால் நடந்தது முன்னால் நடந்ததை எப்படிப் பாதிக்கும் என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை; பாதிப்பு என்பது காரணத்தைப் பற்றியது, நிகழ்தகவு நமக்குத் தெரிந்ததைப் பற்றியது. விதி மாறாத வெறும் எடுப்புகளில் பேய்ஸ் தேற்றத்தை எழுதத் தொடங்குவதற்கு முன் சமச்சீரை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. இரண்டு வெவ்வேறு பைகளில் எது தேர்ந்தெடுக்கப்பட்டது என்று தெரியாத கணக்குகளுக்குத்தான் அந்தத் தேற்றம் உண்மையில் தேவைப்படுகிறது.

சமச்சீர் வாதம் தோற்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். தகவல் ஓர் இடத்தோடு ஒட்டாமல் முழுத் தொகுப்போடு ஒட்டி வரும்போது, ஒரு பந்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது என்ற உத்தி பலிக்காது. மூன்றில் குறைந்தது ஒன்று சிவப்பு என்று மட்டும் சொல்லப்படுகிறது. மூன்றுமே சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? ஒரு சிவப்பு கையில் இருக்கிறதே, மற்ற இரண்டும் சிவப்பாக இருக்க 4/11 × 3/10 = 6/55 என்று எழுதினால் அது தவறு. அது முதல் பந்து சிவப்பு என்று தெரிந்தபோது கிடைக்கும் விடை. சரியான வழி நிரப்பு நிகழ்ச்சியின் வழி, அதாவது நிபந்தனை நிறைவேறாதவற்றை எண்ணிக் கழிப்பது: 220 தேர்வுகளில் ஒரு சிவப்பும் இல்லாதவை 35, ஆகவே நிபந்தனை நிறைவேறும் தேர்வுகள் 185, அவற்றில் மூன்றும் சிவப்பாக உள்ளவை 10, விடை 10/185, அதாவது 2/37. ஒன்று ஏறத்தாழ 0.109, மற்றொன்று ஏறத்தாழ 0.054, பாதிக்குப் பாதி வித்தியாசம்.

சீட்டுக்கட்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 52 சீட்டுகளிலிருந்து இரண்டு எடுத்தால் இரண்டும் ஏஸாக இருப்பதற்கான நிகழ்தகவு 4/52 × 3/51 = 1/221. குறைந்தது ஒன்று ஏஸ் என்று தெரிந்தால், 1326 இணைகளில் 198 இணைகள் எஞ்சுகின்றன, அவற்றில் 6 இணைகளில் இரண்டும் ஏஸ், ஆகவே 1/33. ஆனால் கையில் ஸ்பேட் ஏஸ் இருக்கிறது என்று தெரிந்தால், அதனுடன் சேரக்கூடிய 51 சீட்டுகளில் மூன்று ஏஸ், ஆகவே 1/17. எந்த ஏஸ் என்று சொன்னதாலேயே நிகழ்தகவு ஏறக்குறைய இரட்டிப்பாவது முதலில் ஏற்க முடியாததாகத் தோன்றும். இரண்டு ஏஸ் உள்ள கையில் ஸ்பேட் ஏஸ் இருக்க ஒற்றை ஏஸ் உள்ள கையைவிட இருமடங்கு வாய்ப்புண்டு என்பதைக் கவனித்தால் சிக்கல் அவிழும். “குறைந்தது” என்ற சொல் நிபந்தனையில் வந்தாலே, பெருக்கலையும் சமச்சீரையும் ஒதுக்கிவிட்டு, சுருங்கிய கூறுவெளியை, அதாவது நிபந்தனைக்குப் பின் எஞ்சும் விளைவுகளை, சேர்வுகளால் எண்ணுவதையே நான் பரிந்துரைப்பேன். ஒருமுறைகூட அது என்னை ஏமாற்றியதில்லை. விரைவு கருதி வேறு வழிகளில் போனபோது பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

எடுத்ததைத் திரும்ப வைத்ததாகவே பாவித்து, ஒவ்வொரு எடுப்புக்கும் ஒரே நிகழ்தகவைக் கொள்ளும் ஈருறுப்புப் பரவலைப் பயன்படுத்தும் குறுக்குவழியும் ஒன்று உண்டு. நம் பையில் சரியாக இரண்டு சிவப்பு வருவதற்கு அது 0.3038 என்று தரும். உண்மை விடையான 7/22 என்பது 0.3182. இந்த அளவு பிழையை ஏற்க முடியாது. ஆனால் அதே விகிதத்தில் 500 சிவப்பும் 700 நீலமும் உள்ள பெரிய குவியலிலிருந்து மூன்றை எடுத்தால் உண்மை விடை 0.3040, குறுக்குவழியின் விடை அதே 0.3038. எடுக்கும் அளவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் குறுக்குவழியை ஏற்கலாம் என்பது புள்ளியியலில் வழங்கும் நடைமுறை விதி. கணினி கையில் இருக்கும்போது இந்தத் தோராயத்துக்கான தேவை குறைந்துவிட்டது; மொத்த எண்ணிக்கை பெரிது என்பது தெரிந்தும் சரியாக எவ்வளவு என்று தெரியாத இடங்களில்தான் அது இன்றும் நிலைத்திருக்கிறது.

விட்டுவைத்த 77 : 53 : 35-க்கு இப்போது திரும்பலாம். முதல் ஆட்டக்காரர் ஒன்றாம், நான்காம், ஏழாம் எடுப்புகளில் வெல்லலாம். பெருக்கல் வழியில் போனால் 4/12 உடன், 8/12 × 7/11 × 6/10 × 4/9 என்ற நான்கு பின்னங்களின் பெருக்கலையும், அதற்கடுத்து ஏழு பின்னங்களின் பெருக்கலையும் கூட்ட வேண்டும். இதை மூவருக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். செய்யலாம், ஆனால் எங்கேனும் ஒரு பின்னம் நழுவுவதற்கான வாய்ப்பு அதிகம். பன்னிரண்டு வில்லைகளையும் வரிசையாக அடுக்கியதாகக் கொண்டு, நான்கு வெள்ளைகள் அமரும் இடங்களை மட்டும் எண்ணினால் மொத்தம் 495 அமைப்புகள். முதல் வெள்ளை ஒன்றாம் இடத்தில் இருந்தால், மற்ற மூன்றும் பின்னாலுள்ள 11 இடங்களில் 165 விதமாக அமரும். நான்காம் இடத்தில் இருந்தால் பின்னாலுள்ள 8 இடங்களில் 56 விதமாக. ஏழாம் இடத்தில் இருந்தால் 5 இடங்களில் 10 விதமாக. கூட்டினால் முதலாமவருக்கு 231. இதே முறையில் இரண்டாமவருக்கு 120 + 35 + 4 = 159, மூன்றாமவருக்கு 84 + 20 + 1 = 105. மூன்றையும் கூட்டினால் 495 வருவது கணக்கு சரி என்பதற்குச் சான்று. மூன்றால் வகுத்தால் 77, 53, 35.